மேகம் பார்த்துப் போன வெள்ளிக்கிழமை

என் கணவருக்கும் வெயிலுக்கும் தீராத பகை. ஷார்ஜாவில் குடியிருந்துகொண்டு வெயிலோடு பகை வைத்துக்கொள்வது என்ன புத்திசாலித்தனம் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் வந்த பகை இல்லையாம், படத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். காலை எட்டு மணிக்கு மேல் எடுத்தால் மலை, பாறை எல்லாம் சலவைக்குப் போட்ட பழைய வேட்டி மாதிரி வெளுத்துப்போய் விழுகின்றனவாம். தொழில்பேட்டையில் ஒரு கம்பெனியில் இரும்புக் குழாய்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலை அவருக்கு. வாரத்தில் ஆறு நாள் குழாய், ஏழாவது நாள் மலை. 2006 வாக்கில் ஒரு டிஜிட்டல் காமிரா வாங்கினார். அன்றிலிருந்து எங்கள் வெள்ளிக்கிழமை விடுமுறை போயிற்று.

எங்கள் பில்டிங்கில் மற்ற குடும்பங்கள் வெள்ளிக்கிழமையானால் பர்துபாய் கோயிலுக்குப் போவார்கள், அப்படியே சரவெடியாய்ப் பேசிக்கொண்டு மசால் தோசை சாப்பிட்டுத் திரும்புவார்கள். நாங்கள் கல்லைப் பார்க்கப் போவோம். ராஸ் அல் கைமாவைத் தாண்டி மலைக்குள் நுழைந்தால் வாதி என்று சொல்லும் பள்ளத்தாக்குகள் உண்டு. வாதி என்றால் காட்டாறுதான், ஆனால் வருடத்தில் முந்நூற்று அறுபது நாள் காய்ந்து, வெறும் கூழாங்கல் படுகையாகக் கிடக்கும். இரண்டு பக்கமும் செங்குத்தாக மலை எழும்பி நிற்கும், நடுவில் அந்தப் படுகைதான் பாதை. அதில் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு அவர் காமிராவோடு எங்காவது ஏறிவிடுவார். நான் வண்டியில் உட்கார்ந்து குழந்தைக்கு ஊட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

காமிரா வாங்கி ஓரிரு வருடம் கழித்து, ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து ஜன்னல் திரையை விலக்கினால் வானம் முழுக்க மந்தாரம். பத்து மாதமாக ஒரு பொட்டு மேகம் காணாத ஊர் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. மேல்மாடியில் இருந்த மதுரைக்காரம்மா போன் செய்து, "வெளிய பாத்தீங்களா? ஊட்டி மாதிரி இருக்கு! நாங்க பார்க்குக்குக் கெளம்பிட்டோம், நீங்களும் வாங்க" என்றார். அடுத்த வீட்டில் பஜ்ஜி வாசனை வந்தது. எங்கள் ஜனங்களுக்கு மேகம் கறுத்தால் அது நல்ல நாள். ஊரில் மழைக்காக ஏங்கி வளர்ந்தவர்கள் நாங்கள், மேகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அங்கேயே பிறந்தவர்கள் அப்படிப்பட்ட நாளில் வாதி பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அவருக்கோ இரட்டைச் சந்தோஷம். "சாஃப்ட் லைட்டும்மா! இப்படி ஒரு நாள் கெடைக்காது. கெளம்பு கெளம்பு" என்று சட்டைப் பொத்தானைக் கூடச் சரியாகப் போடாமல் குதித்தார். புளியோதரையைக் கிளறி டப்பாவில் அடைத்துக்கொண்டு, நான்கு வயதுப் பெண்ணையும் தூக்கிக்கொண்டு கிளம்பினோம்.

போகும் வழியெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தார் ரோடு முடிந்து கல்பாதை தொடங்கியது. மலை இரண்டு பக்கமும் நெருங்கி வந்து, ஓரிடத்தில் மேலே ஒரு பட்டை வானம் மட்டும் தெரிகிற அளவுக்கு ஒடுங்கி, பிறகு கொஞ்சம் அகலமாயிற்று. அந்த அகலத்தில் நம்மூர் இலந்தை மாதிரி ஒரு முள்மரம் நின்றது. அதன் கீழே படுகையிலேயே வண்டியை நிறுத்தினார். மரத்தின் கிளைகளில், என் தலைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில், காய்ந்த புல்லும் கிழிந்த பிளாஸ்டிக் பைகளும் கொத்துக் கொத்தாகச் சிக்கியிருந்தன. பிக்னிக் வந்தவர்கள் குப்பையை மரத்து மேலா போடுவார்கள் என்று முகம் சுளித்தேன். அந்தப் புல்லை அவ்வளவு உயரத்தில் கொண்டுபோய் வைத்தது எது என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை, அவர் ஏற்கெனவே மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாறை மேல ஏறினா முழு வாதியும் ஒரே ஃப்ரேம்ல வரும். அரை மணி நேரம். இங்கயே இரு, எங்கயும் நகராத. நான் இங்கதான் வருவேன்."

"சிக்னல் இல்லீங்க" என்றேன், போனைக் காட்டி.

"அரை மணி நேரத்துக்கு எதுக்கும்மா சிக்னல்?"

சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, ட்ரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு, நாங்கள் வந்த திசைக்கு எதிர்த் திசையில், மலை இன்னும் ஒடுங்குகிற பக்கமாக நடந்து போனார். கொஞ்ச நேரம் அவர் செருப்பில் கல் உரசுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

அந்த மாதிரி அமைதியை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஏசி, ரோடு, பக்கத்து வீட்டு டிவி என்று எப்போதும் ஏதாவது ஒரு சத்தத்துக்குள்ளேயே வாழ்ந்து பழகியவளுக்கு அது நெஞ்சை அழுத்தியது. குழந்தை பின் சீட்டில் தூங்கிவிட்டாள். அரை மணி முக்கால் மணியாகி, முக்கால் மணி ஒரு மணியாயிற்று. தூரத்தில் எங்கோ குமுறுகிற சத்தம் இரண்டு மூன்று முறை வந்தது. அந்தப் பக்கம் கல்குவாரிகள் நிறைய, வெடி வைக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை குவாரிக்கும் லீவு என்று ஐந்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. ஆனால் எங்கள் தலைக்கு மேலே ஒரு தூறல்கூட இல்லை. இவ்வளவு மேகத்துக்கு ஒரு சொட்டாவது விழக்கூடாதா என்று நான் ஏமாற்றமடைந்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

அப்போதுதான் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு பிக்கப் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு வேகமாக வந்தது. எங்கள் வண்டிக்கு நேரே நின்றது. கந்தூரா என்கிற நீள வெள்ளை அங்கி போட்ட ஒரு கிழவர், அந்த ஊர்க்காரர், இறங்கிக் கையை ஆட்டிக் கத்திக்கொண்டே வந்தார்.

சட்டென்று கண்ணாடியை ஏற்றினேன், நான்கு கதவையும் பூட்டினேன். காமிரா பையைக் காலுக்கடியில் தள்ளி மறைத்தேன். எதற்கு மறைத்தேன்? அந்த ஊரில் எதைப் படமெடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்பது எங்களுக்கு எப்போதும் ஒரு கிலி. அரசாங்கக் கட்டடத்தை எடுத்தால் தப்பு, பெண்களை எடுத்தால் பெரிய தப்பு, யாராவது ஒருவர் போலீஸுக்குப் போன் செய்தால் போதும், விசா போய்விடும் என்று வந்த நாள் முதல் கேட்டு வளர்ந்த பயம். இவர் வீட்டையோ இவர் வீட்டுப் பெண்களையோ என் வீட்டுக்காரர் மேலேயிருந்து எடுத்துவிட்டார், அதற்குத்தான் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். கண்ணாடிக்கு வெளியே அவர் அரபியில் கத்தினார். உள்ளேயிருந்து நான், "மாஃபி போட்டோ! மாஃபி காமிரா!" என்று கத்தினேன். போட்டோ இல்லை, காமிரா இல்லை என்று.

அவர் கண்ணாடியில் உள்ளங்கையால் அறைந்தார். குழந்தை விழித்து அழ ஆரம்பித்தாள். நான் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பார்க்காமல் இருந்தால் போய்விடுவார் என்று நினைத்தேன். என் அப்பா வயதுதான் இருக்கும் அவருக்கு. இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் போகவில்லை. கத்துவதை நிறுத்திவிட்டு, குனிந்து, கண்ணாடியில் முகத்தை ஒட்டி, வேலைக்காரர்களிடம் பேசிப் பழகிய ஹிந்தியில், நிதானமாகச் சொன்னார். "பானி. பானி ஆத்தா. உப்பர் பாரிஷ். காடி நிகாலோ. ஜல்தி." மேலே மழை, தண்ணீர் வருகிறது, வண்டியை எடு. என் ஹிந்தி அரைகுறைதான், ஆனால் இது புரிந்தது. புரிந்ததும் கிளையில் தொங்கிய காய்ந்த புல்லை அண்ணாந்து பார்த்தேன். அப்போதுதான் அது குப்பை இல்லை என்று தெரிந்தது. தண்ணீர் வந்தால் எவ்வளவு உயரம் வரும் என்று அந்தப் புல் சொல்லிக்கொண்டிருந்தது.

கண்ணாடியை இரண்டு விரல் கடை இறக்கினேன். "ஹஸ்பண்ட்... உப்பர்... போட்டோ" என்று கையைக் காட்டினேன். அவர் அந்த ஒடுக்கமான பக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அது எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

தன் வண்டியில் ஏறச் சொல்லிக் கைகாட்டினார். தலையை ஆட்டி மறுத்தேன். அப்படியானால் நீயே ஓட்டு என்று ஸ்டியரிங்கைக் காட்டினார்.

"லைசன்ஸ் மாஃபி" என்றேன்.

"பானி ஆக்கே லைசன்ஸ் பூச்சேகா?" என்றார். தண்ணி வந்து லைசென்ஸா கேட்கப்போகிறது என்று. அந்த நேரத்திலும் அவருக்கு அப்படிக் கேட்கத் தோன்றியது.

லைசென்ஸ் இல்லை என்றால் ஓட்டவே தெரியாது என்று அர்த்தமில்லை. ஷார்ஜாவில் ஐந்து தடவை டெஸ்ட் கொடுத்து ஐந்து தடவையும் ஃபெயில் ஆனவள் நான். அந்த ஊரில் இது பெரிய அவமானம் இல்லை, எங்கள் பில்டிங்கில் ஒன்பது தடவை போனவர் உண்டு. நேர்ரோட்டில் நன்றாகவே ஓட்டுவேன். மேட்டில் நிறுத்தி மறுபடி எடுக்கச் சொல்வார்கள் பாருங்கள், அங்கேதான் ஒவ்வொரு தடவையும் வண்டி பின்னால் உருளும், இல்லை ஆஃப் ஆகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரம்மா "கலாஸ்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்கு மனப்பாடம்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அதில்லை. "இங்கயே இரு, நான் இங்கதான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டால், அவர் இறங்கி வந்து இந்த மரத்தடியில் நின்று எங்களைத் தேடுவார். தேடிக்கொண்டு நிற்கும்போது தண்ணீர் வந்தால்? நான் போகாமல் இருந்தால் மடியில் இருக்கிற குழந்தை. இரண்டில் ஒன்று. யோசிக்க நேரம் இருந்தது என்று சொன்னால் அது பொய். "அம்மா, ஐம் ஸ்கேர்ட்" என்றாள் அவள். ஸ்கூலில் படித்த இங்கிலீஷ். நான் ஸ்டியரிங் பக்கம் மாறி உட்கார்ந்து, அவளைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டைப் போட்டேன். சாவியைத் திருப்பினேன். அவரை அங்கே விட்டுவிட்டுத்தான் நான் கிளம்பினேன். இதை எப்படி மாற்றி எழுதினாலும் அதுதான் உண்மை.

கிழவர் முன்னால் போனார், நான் பின்னால். படுகையில் இருநூறு முந்நூறு அடி கீழே போனால் இடது பக்கம் ஒரு மேடு ஏறுகிறது, அதன் மேலே கல்வீடுகள் நாலைந்து. அவர் வண்டி ஏறிவிட்டது. என்னுடையது பாதி மேட்டில் உறுமி, குலுங்கி, ஆஃப் ஆயிற்று. பின்னால் உருளத் தொடங்கியது. பிரேக்கில் இரண்டு காலையும் வைத்து நின்றேன் என்றே சொல்லலாம், அப்படி மிதித்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தண்ணீர்ச் சத்தமாகவே இல்லை. லாரி நிறையக் கல்லைக் கொட்டினால் வரும் சத்தம், கொட்டி முடியாமல் வந்துகொண்டே இருந்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். பழுப்பாக ஒன்று அந்த ஒடுக்கத்திலிருந்து வளைந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

கிளட்ச் எது, பிரேக் எது என்றே மறந்துவிட்டது. எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் கூப்பிட்டேன், நடுவில் என் கணவரைத் திட்டவும் செய்தேன். கிழவர் மேலேயிருந்து ஓடி வந்தார். கந்தூராவைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, தலை அளவு கல் ஒன்றைப் புரட்டி எடுத்து, குனிந்து பின் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்தார். பிறகு என் ஜன்னலுக்கு வந்து, "ஷ்வய் ஷ்வய்" என்றார். மெதுவா, மெதுவா என்று. டெஸ்டில் யாரும் எனக்கு மெதுவா என்று சொன்னதில்லை. சாவியைத் திருப்பி, கிளட்சை மெல்ல விட்டேன். வண்டி ஏறிற்று.

மேலே போய் இறங்கித் திரும்பிப் பார்த்தால் மேட்டின் பாதி இல்லை. முள்மரத்தின் உச்சி மட்டும் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த உச்சியைப் பார்த்தபடி நின்றேன். அந்த மரத்தடிக்குத்தான் வருவேன் என்று சொல்லியிருக்கிறார். இந்நேரம் இறங்கியிருப்பாரா, இறங்கவில்லையா. இந்த ஒரு கேள்வியோடு இரண்டு மணி நேரம் நின்றேன். பயம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் ஞாபகம் வரும். கிழவர் பேரீச்சம்பழம் கொண்டுவந்து குழந்தை கையில் கொடுத்தார். பிறகு ஒரு கம்பை எடுத்துக்கொண்டு ஆடு போகிற தடத்தில் மலைமேல் ஏறிப் போனார்.

திரும்பி வரும்போது இரண்டு பேராக வந்தார்கள். என் கணவருக்கு ஒரு காலில் செருப்பு இல்லை. ட்ரைபாட் இல்லை. முழங்கால் கிழிந்து ரத்தம். மரத்தடியில் வண்டியைக் காணாமல், தண்ணீரைப் பார்த்து, நாங்கள் தண்ணீரோடு போய்விட்டோம் என்றே நினைத்து மேலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாராம். குழந்தையைக் கண்டதும் மண்டியிட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் முதுகில் இரண்டு கையாலும் அடித்தேன். அடித்துக்கொண்டே அழுதேன். கிழவர் எங்களைப் பார்க்காத மாதிரி திரும்பி நின்றுகொண்டார். காமிரா மட்டும் நனையவேயில்லை.

அதற்கப்புறம் அவர் அந்தக் கதையை எல்லோரிடமும் சொன்னார். "தண்ணி வந்துச்சு, நாலு ஷாட் எடுத்தேன், ஒடனே இவங்க கீழ இருக்காங்கன்னு ஞாபகம் வந்துச்சு, செருப்பு போனது கூடத் தெரியாம ஓடினேன்." ஓடியது உண்மை, முழங்காலை நானே துடைத்து மருந்து போட்டேன். அந்தப் படங்களில் ஒன்று இணையத்தில் அவரைப் போலப் படமெடுப்பவர்கள் குழுவில் பெரிய பேர் வாங்கியது. பழுப்புத் தண்ணீரின் முகப்பு பள்ளத்தாக்கின் வளைவில் திரும்பி வருகிற படம். அதை மூன்றடிக்குப் பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டி, ஹாலில் சோபாவுக்கு மேலே தொங்கவிட்டார். வந்தவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று, "என்ன லைட்டுங்க!" என்றார்கள். நான் காபி கொடுத்தேன். என்னையும் என் பிள்ளையையும் கொண்டுபோக வந்த தண்ணீரின் கீழே உட்கார்ந்து அவர்கள் முறுக்குச் சாப்பிட்டார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் பெண் சோபாவில் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று குதிப்பதை நிறுத்திவிட்டு, படத்தின் கீழ் மூலையில் விரலை வைத்தாள்.

"டாடி, இது நம்ம கார்."

"இல்லடா கண்ணா, அது கல்லு" என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நோ டாடி. லைட் எரியுது பாரு."

அவர் எழுந்து வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். மூலையில், கடுகு அளவில், மேட்டில் பாதியில் ஒரு வெள்ளை வண்டி. பின்னால் இரண்டு சிவப்புப் புள்ளிகள், பிரேக் லைட். சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்த மாதிரி ஒரு துளி வெள்ளை. அதற்குக் கொஞ்சம் மேலே தண்ணீர்.

நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகிற க்ளிக் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி முதலிலிருந்து கேட்டது. குழந்தை டிவி பார்க்கப் போய்விட்டாள். ரொம்ப நேரம் கழித்து அவர் வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு மலையிலிருந்து இறங்கி வந்தபோதுகூட அவர் முகம் அப்படி இல்லை.

"இதுக்கப்புறமும் பதினொண்ணு எடுத்திருக்கேன்" என்றார்.

"பன்னெண்டுங்க. நான் அப்பவே எண்ணிட்டேன்" என்றேன்.